யார் மேல் பழி?

தொடர்கதைகளை வாரா வாரம் கத்தரித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துப் புத்தகமாக்கி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் வெகு காலம் இருந்தது. அப்படிப் பைண்டு செய்த புத்தகங்களில் ஒரு வேடிக்கை நேர்வதுண்டு. இரண்டு கதைகளை ஒரே சமயத்தில் கொடுத்திருப்போம். பைண்டர் கடைப் பையன் பக்கங்களை அடுக்கும்போது முதல் கதையின் கடைசிப் பத்து அத்தியாயங்களை இரண்டாவதன் வாலிலும், இரண்டாவதன் வாலை முதலாவதிலும் வைத்துத் தைத்துவிடுவான். அரசகுமாரி சுரங்கத்தில் இறங்கிக் கொண்டிருப்பாள். பக்கத்தைப் புரட்டினால் மாம்பலம் ஸ்டேஷனில் ஒரு குமாஸ்தா மின்சார ரயிலுக்குக் காத்திருப்பார்.

வீட்டுக்காரருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டு புத்தகங்களும் அவர் அலமாரியிலேயே இருக்கின்றன. ஒன்றை மூடி மற்றதைத் திறந்தால் கதை தொடர்கிறது. ஒரு பக்கம் குறையவில்லை. ஒரு பக்கம் கூடவுமில்லை. வம்பு எப்போது வருகிறதென்றால், அடுத்த வீட்டு அம்மாள் வந்து ஒரு புத்தகத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு போகும்போதுதான்.

மனித உடம்பிலும் இந்தப் பைண்டர் பிழை உண்டு. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். விஞ்ஞானப் பாடம் நடத்த எனக்குத் தகுதி இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்துக்குள் இந்த விஷயம் கதவைத் தட்டாமல் நுழைந்து உட்கார்ந்துவிட்டபடியால், அதன் குலம் கோத்திரத்தை விசாரிக்க வேண்டியதாயிற்று.

நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் 46 புத்தகங்கள் கொண்ட ஓர் அலமாரி இருக்கிறது. குரோமோஸோம் என்று அவற்றுக்குப் பெயர். இருபத்து மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. இந்த 46 என்ற எண்ணைக் கண்டுபிடித்ததே ஒரு கதை. 1923 முதல் முப்பது வருஷங்களுக்கும் மேலாக, மனிதனுக்கு 48 குரோமோஸோம் என்றுதான் பாடப் புத்தகங்களில் போட்டிருந்தது. 1955 டிசம்பர் 22-ம் தேதி பின்னிரவில், ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில், ஜோ ஹின் சியோ என்பவர் பூதக்கண்ணாடி வழியாக எண்ணினார். 46 தான் வந்தது. மறுபடி எண்ணினார், அதே 46. ஜாவாவில் பிறந்தவர், யுத்த காலத்தில் ஜப்பானியர்களின் சிறையில் கிடந்தவர். இவருக்கு முன்னாலும் அதே தேசத்தில் சிலர் எண்ணிப் பார்த்து, 46-க்கு மேல் அகப்படாததால், தங்கள் வேலையில்தான் கோளாறு என்று ஆராய்ச்சியை நிறுத்தி வைத்திருந்தார்களாம்! கண்ணால் கண்டதைவிட ஏட்டில் படித்ததை நம்புவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல போலிருக்கிறது.

எண்ணிக்கை சரியானதும் காரியங்கள் வேகமாக நடந்தன. 1959-ல் பாரிஸில், மந்த புத்தியோடு பிறக்கும் ஒரு வகைக் குழந்தைகளுக்கு 21-ம் எண் புத்தகம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதாக வெளியிட்டார்கள். அந்த அணுக்களைத் தம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, கூடுதலாக ஒன்று இருப்பதைப் பார்த்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் டாக்டர். கட்டுரையில் முதல் பெயராக அச்சானது ஜெரோம் லெஜூனுடையது. அந்த அம்மாளின் பெயரை எழுத்துப் பிழையோடு போட்டார்கள். மறு வருஷமே இன்னொரு சங்கதி தெரிந்தது. அப்படிப்பட்ட குழந்தைகள் சிலருக்கு அந்த மூன்றாவது புத்தகம் தனியாக இல்லை. வேறொரு புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சில வீடுகளில் தாய்க்கோ தகப்பனுக்கோகூட அதே ஒட்டு இருந்தது. ஆனால் அவர்களுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதாவது, பெற்றவர்களிடம் வெறும் பைண்டு பிழையாக இருந்தது, பிள்ளையிடம் வந்தபோது பக்கக் கணக்குப் பிழையாகிவிட்டது.

என் அக்காவின் பெரிய பெண்ணுக்கு 2018-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் இரண்டு கர்ப்பங்கள் மூன்றாம் மாதம் தாண்டாமல் கலைந்திருந்தன. மூன்றாவது தங்கியது என்று ஊரெல்லாம் சந்தோஷம். குழந்தை பிறந்ததும் டாக்டர் அதன் காதுகளையே பார்த்துக் கொண்டிருந்தாராம். காது மடலுக்கு முன்னால், குண்டூசியால் குத்தின மாதிரி ஒரு துளை. காது குத்துவதற்கு முன்பே யாரோ குத்திவிட்டாற்போல. மேலண்ணம் பிளந்திருந்தது, கீழ்த்தாடை சின்னது, இதயத்தில் ஓட்டை. மார்பைப் பற்றிப் பால் குடிக்கத் தெரியவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது, பெண்ணின் மாமியார் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பாலாடையால் பால் புகட்டிக் கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாக. ஒரு சொட்டு விட்டு, அது உள்ளே போயிற்றா என்று பார்த்து, அடுத்த சொட்டு. அரை அவுன்ஸ் பாலுக்கு ஒரு மணி நேரம். ராத்திரியும் அப்படியே, மருமகளைத் தூங்கச் சொல்லிவிட்டு அந்த அம்மாள்தான் விழித்திருந்தார். அதே வாய்தான் என்னிடம் சொல்லிற்று:

“எங்க வம்சத்துல மூணு தலைமுறையா இப்படி ஒண்ணு பிறந்தது கிடையாது. உங்க வீட்டுல விசாரிச்சுப் பாருங்க.”

கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கதை எழுதுகிறவர்கள் மாமியார்களை ஒரே வர்ணத்தில் தீட்டிவிடுகிறார்கள். இந்த அம்மாளை எந்த வர்ணத்தில் தீட்டுவது?

குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு தாய், தகப்பன் இருவருடையதையும் எடுத்தார்கள். அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அந்த இளம் டாக்டரம்மா எனக்கு விளக்கியபோது ஒரு விஷயத்தில் என் காது நிமிர்ந்தது. வெள்ளை அணுக்களை மூன்று நாள் போல வளர்க்கிறார்கள். அணு இரண்டாகப் பிரியத் தயாராகி, புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டி நடுவில் அடுக்கும் தருணத்தில், ஒரு மருந்தை விட்டு அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். கால்ச்சிசின் என்பது அந்த மருந்தின் பெயர். இப்போது அதற்கு நெருங்கிய உறவான இன்னொன்றையும் உபயோகிக்கிறார்கள். இந்தக் கால்ச்சிசின் இருக்கிற செடிகளில் ஒன்று நம் கார்த்திகைப் பூச்செடி, செங்காந்தள். கண்வலிக் கிழங்கு என்று கிராமத்தில் சொல்லுவார்கள். மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். வேலியோரத்தில் அது பூத்திருந்தால், “கிட்டே போகாதே, விஷக் கிழங்கு” என்று அம்மா எங்களை இழுத்துக்கொண்டு போவாள். அம்மாவின் கதையையே அந்தக் கிழங்கின் சத்து ஒரு நாள் படித்துக் காட்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

பரிசோதனை முடிவு வந்தது. குழந்தைக்கு 47 புத்தகங்கள். கூடுதலாக வந்தது மிகச் சிறியது. அதன் தலைப்பகுதி 22-ம் எண்ணின் தலை, வால் 11-ம் எண்ணின் வால். தகப்பனுக்கு எல்லாம் ஒழுங்கு. தாய்க்கு எண்ணிக்கை சரியாக 46. ஆனால் ஒரு 11-ம் ஒரு 22-ம் ஒன்றுக்கொன்று வாலை மாற்றிக் கொண்டிருந்தன. அவளுக்கு ஒரு பக்கமும் குறையவில்லை என்பதால், முப்பது வயது வரை அவளுக்கோ யாருக்கோ தெரிய வழியில்லை. பிள்ளைக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும்போது, ஒழுங்கான 11-ம் 22-ம் போனால் குழந்தைக்குக் குறையில்லை. மாற்றித் தைத்த இரண்டும் சேர்ந்தே போனாலும் குறையில்லை. தாயைப் போலவே இருந்துவிட்டுப் போகும். ஆனால் சில சமயம், ஒழுங்கான இரண்டோடு அந்தச் சின்னப் புத்தகமும் டிக்கெட் வாங்காத பிரயாணி போலக் கூடவே ஏறிவிடுகிறது. அப்போது சில அத்தியாயங்கள் மட்டும் குழந்தையிடம் இரண்டு பிரதிக்குப் பதில் மூன்று பிரதி ஆகிவிடுகின்றன.

மூன்று பிரதி இருந்தால் என்ன கெடுதி என்று நானும் கேட்டேன். நல்ல சரக்குதானே, கொஞ்சம் கூட இருந்தால் என்ன? டாக்டரம்மா சிரித்துவிட்டு, “ரசத்துல உப்பும் நல்ல சரக்குதாம்மா. ஒண்ணுக்கு ஒன்றரை போட்டுப் பாருங்க” என்றார். கணக்கும் சரிதான், இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்றால் ஒன்றரைப் பங்கு. இதயம் வளைந்து கூடுகிற நாளில், அண்ணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துகிற நாளில், எந்தக் கட்டளை எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதற்கு அளவு இருக்கிறது.

இந்த நிலைக்கு இமானுவேல் சிண்ட்ரோம் என்று 2004-ல் பெயர் வைத்தார்கள். பிலடெல்பியாவில் பல வருஷங்கள் இதை ஆராய்ந்த பெவர்லி இமானுவேல் என்ற அம்மாளைக் கௌரவிக்கும் விதமாக. இத்தனை புத்தகங்கள் இருக்க, ஒருவரோடொருவர் சம்பந்தமே இல்லாத குடும்பங்களிலும் இந்த 11-ம் 22-மே ஏன் வாலை மாற்றிக் கொள்கின்றன? அதற்கும் காரணம் கண்டிருக்கிறார்கள். நமக்கெல்லாம் ‘விகடகவி’ தெரியும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. பாட்டில் வந்தால் மாலைமாற்று என்போம். இந்த இரண்டு குரோமோஸோம்களிலும் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மாலைமாற்றுப் போன்ற நீண்ட வரி ஒன்று இருக்கிறதாம். அந்த வரி தன் மேலேயே மடிந்துகொண்டு, மடிந்த இடத்தில் முறிகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் முறிந்தால், ஒட்டும்போது மாறி ஒட்டிவிடுகிறது. நல்ல திடகாத்திரமான ஆண்களின் விந்திலேயே எப்போதாவது ஓர் அணுவில் இந்த மாற்றம் புதிதாக உண்டாவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இது எந்த வம்சத்துக்கும் தனிச் சொத்து அல்ல. பொதுவாக ஏதோ ஒரு வகை வால் மாற்றத்தைச் சுமப்பவர்கள், சுமார் 500 பேருக்கு ஒருவராவது இருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியும் இரண்டாம் பந்தியும் சேர்ந்தால் அவர்களில் ஒருவர் இருக்கக்கூடும். தாலி கட்டிக் கொள்கிறவளாகவும் இருக்கலாம். அட்சதை போடுகிறவராகவும் இருக்கலாம்.

மாமியார் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டாக்டரிடம் நேராக ஒரே கேள்வி போட்டார்:

“அப்போ, இது இவகிட்டேயிருந்து வந்ததுதானே?”

டாக்டரம்மா மழுப்பவில்லை. “வந்தது இவங்ககிட்டேயிருந்துதான். ஆனா இவங்க செஞ்சது இல்லைம்மா” என்றார்.

அந்த அம்மாள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “பாலாடை கொதிக்கிற தண்ணியில போட்டேனா, தெரியலை” என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வம்சப் பேச்சை அவர் எடுத்து நான் கேட்டதில்லை. மனம் மாறிவிட்டதா, அல்லது பேச நேரமில்லையா என்பதை நான் விசாரிக்கவும் இல்லை.

அடுத்தபடியாக டாக்டரம்மா எங்கள் குடும்பத்தின் கிளைப்படம் வரைய வேண்டும் என்றார். என் அக்காவுக்கும் பரிசோதனை செய்ததில் அதே மாற்றம் இருந்தது. ஆகவே, அது எங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அக்காவிடமே புதிதாக ஆரம்பித்திருக்க வேண்டும். பழங்கதை தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்து போனவர்கள் மேல் சாய்வாக ஒரு கோடு. பிறக்காமலே போனவற்றுக்குச் சின்ன முக்கோணம்.

எனக்கு அம்மாவின் பழைய பஞ்சாங்கம் ஞாபகம் வந்தது. அதன் பின் அட்டையில், ஜாதகம் கணிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் நாள், நட்சத்திரம், நாழிகை எல்லாம் அம்மா பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து தேடி எடுத்துப் பார்த்தேன். அக்கா, நான், தம்பி, மூன்று பேருக்கும் நட்சத்திரத்தோடு மூன்று வரி. நடுவில் இரண்டு வரிகளில் நட்சத்திரம் இருக்கிறது; எதிரே ‘தவறியது’ என்று ஒரு சொல். ஒன்று பதினோராம் நாள், ஒன்று இரண்டாம் மாதம். இன்னும் நான்கு இடத்தில் மாதத்தின் பெயர் மட்டும், நட்சத்திரம் இல்லை. அவைதான் முக்கோணங்கள்.

இந்த ஆறும் 11-ம் 22-ம் செய்த வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நாளில் கிராமத்தில் பிள்ளைகள் பேதியிலும் காய்ச்சலிலும் போனார்கள். ஆனால் எங்கள் பாட்டி ஒரே ஒரு காரணம்தான் சொன்னாள். என் காதால் கேட்டிருக்கிறேன்: “பிள்ளையைத் தின்னவ.” நாக தோஷம் என்றார்கள், அரச மரத்தடியில் கல் நட்டாள் அம்மா. ராமேசுவரம் போய் வந்தாள். நாற்பத்தெட்டு நாள் ஈரப் புடைவையோடு பிரதட்சணம் செய்தாள். இத்தனைக்கும் நடுவில் அப்பாவை யாரும் ஒரு பிரதட்சணம்கூடச் செய்யச் சொன்னதாக நினைவில்லை. அது அப்பாவிடமிருந்தே வந்திருக்கலாம். இருவரும் போய்விட்டார்கள், இனிமேல் தெரிய வழியில்லை. நான் பஞ்சாங்கத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் ஆறு குறிகளையும் நிதானமாக வரைந்து முடித்துவிட்டு, “உங்க அம்மா நல்லாக் குறிப்பு எழுதியிருக்காங்க. எங்க கேஸ் ஷீட்டுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது” என்றார். அம்மாவைப் பற்றி ஒரு வைத்தியர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

இதைப் பற்றிப் படித்துக் கொண்டிருந்தபோது ஒரு பள்ளத்தாக்கின் கதை கிடைத்தது. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தின் தெற்கே, ஏழாயிரம் அடிக்கு மேல், மலைகளுக்கு நடுவே ஸான் லூயி என்ற விசாலமான பள்ளத்தாக்கு இருக்கிறது. ரியோ கிராண்டே நதி அதன் வழியாக ஓடுகிறது. மெக்ஸிகோவோடு யுத்தம் முடிந்து, அந்தச் சீமை அமெரிக்காவின் கைக்கு மாறிய பிறகு, தெற்கேயிருந்து ஸ்பானிஷ் பேசும் குடியானவர்கள் ஆடுமாடுகளோடு வந்து குடியேறினார்கள். 1851-ல் ஸான் லூயி என்ற ஊரை ஏற்படுத்தினார்கள். அந்த மாகாணத்திலேயே பழைய ஊர் அது. மறு வருஷமே எல்லாரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நம் காவேரிக் கரைக் குடிமராமத்து மாதிரியே, வாய்க்காலுக்கு வருஷா வருஷம் கூடித் தூர் வாருவார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கிலும், அதற்குத் தெற்கே நியூ மெக்ஸிகோவிலும், சில வீடுகளில் அகன்ற முகமும் கடுமையான இதயக் கோளாறும் கொண்ட குழந்தைகள் பிறந்தார்கள். பார்த்தால், பெற்றோரில் ஒருவருக்கு 8-ம் எண் புத்தகத்தில் பிழை. இது வால் மாற்றம் அல்ல; புத்தகத்தின் நடுப்பகுதி முழுவதையும் தலைகீழாகத் திருப்பித் தைத்த பிழை. அவர்களுக்கும் அதனால் ஒரு நோயும் இல்லை. ஆனால், பிள்ளைக்குக் கொடுக்குமுன் ஜோடிப் புத்தகங்கள் இரண்டும் பக்கத்தில் படுத்துத் தங்களுக்குள் சில பக்கங்களைப் பரிமாறிக்கொள்வது இயற்கையின் வழக்கம். அந்தப் பரிமாற்றம் திருப்பித் தைத்த பகுதியில் நடந்துவிட்டால், கடைசி அத்தியாயங்கள் முன்புறமும் இருக்கும், பின்புறமும் இருக்கும். முதல் அத்தியாயம் இருக்காது. இந்தப் பிழையைச் சுமப்பவருக்கு அப்படி ஒரு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு போல என்று 1987-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். தொடர்பே இல்லாதவை போலத் தோன்றிய குடும்பங்களில் அதே இடத்தில் அதே பிழை இருப்பதால், எல்லாருக்கும் ஆதியில் ஒரே மூதாதை இருந்திருக்க வேண்டும் என்பது முடிவு.

நாவல் எழுதுகிறவளுக்கு அந்த மூதாதையை நினைக்காமல் இருக்க முடியுமா? ஆணோ பெண்ணோ தெரியாது. நல்ல ஆரோக்கியமாக இருந்து, உழுது, பிள்ளை பெற்று, பேரன் பேத்திகளைப் பார்த்துக் கண்ணை மூடியிருக்கலாம். சில தொட்டில்கள் காலியானபோது, அங்கேயும் ஏதாவது சாபம், ஏதாவது கண்ணேறு என்று யாராவது ஒரு மருமகளைப் பார்த்திருக்கமாட்டார்களா? தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம். ஒரு குடும்பத்தின் சங்கதி என்று மறைத்திருந்தால், அது ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் உள்ள சங்கதி என்று தெரிந்தே இருக்காது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வெட்கப்பட்டுக் கொண்டிருந்திருக்கும்.

இதைப் படித்த பிறகுதான் நான் கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தேன். எனக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. என் பிள்ளைக்குக் கவலையில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் டாக்டர் தாமாகப் போய் உறவினரிடம் சொல்லக்கூடாது. அது நோயாளியின் ரகசியம். சொல்ல வேண்டியவர்கள் குடும்பத்தார்தான். அக்காவும் அவள் பெண்ணும் சம்மதித்த பிறகு, அப்பா வழியிலும் அம்மா வழியிலுமாக ஏழு பேருக்கு எழுதினேன். இன்னது கண்டது, இன்ன ரத்தப் பரிசோதனை போதும், இருந்தாலும் உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, பெண்ணுக்கு இருந்தால், பாதிக்கப்பட்ட குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே, கர்ப்பத்தின் பதினோராம் வாரத்துக்கு மேல் நஞ்சிலிருந்து துளி எடுத்தோ, பதினைந்தாம் வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்தோ பார்க்கலாம் என்றெல்லாம் ஒரு பக்கத்தில் அடக்கினேன். நாவல் எழுதுவது இதைவிடச் சுலபம்.

தம்பி அன்று இரவே போன் செய்தான். அவனுக்குப் பரிசோதனையில் இருப்பதாகத் தெரிந்திருந்தது. அவனுடைய ஒரே பெண்ணுக்கு அப்போது வரன் பேசிக் கொண்டிருந்தார்கள்.

“அக்கா, ஜாதகம் பொருந்தியாச்சு. தட்டு மாத்த நாள் பார்த்தாச்சு. இப்பப் போய் அவ பேருக்கு ஏன் கடிதாசு எழுதினே? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

“அவளுக்குத் தெரியணும்னுதான் எழுதினேன். நாலு பேருக்கு எழுதலையே.”

“கல்யாணம் ஆகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்.”

“அப்புறம்னா, யாருடைய பெண்ணா இருக்கும்போது சொல்லுவே? பெரியவளை என்ன கேட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

அவன் போனை வைத்துவிட்டான். அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நம் சமூகத்தில் ஒரு பெண்ணைப் பற்றி “என்னமோ இருக்காம்” என்று ஒரு சொல் கிளம்பினால், நூற்றுக்கு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. நான் எழுதிய ஏழில் ஒரு கடிதம் அப்படித்தான் ஒரு சம்பந்தத்தை நிறுத்திவிட்டது. அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த பதிலை இங்கே எடுத்து எழுத முடியாது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைக்குப் பரிசோதனையில் ஒன்றுமே இல்லை. கடிதத்தைக் காட்டினாலே போதுமாக இருந்திருக்கிறது!

தம்பி பெண் ஒரு வாரம் கழித்துத் தானே வந்தாள். அப்பாவின் பீரோவில் பழைய ரசீதுகளுக்கு நடுவே கடிதத்தைக் கண்டெடுத்தாளாம்.

“அத்தை, இது என் பேருக்கு வந்த கடிதாசு. எனக்குக் கொடுக்காம வச்சிருந்தாங்க. அதுலதான் எனக்குக் கோபம், விஷயத்துல இல்லை.”

பரிசோதனை செய்துகொண்டாள். இருந்தது. அந்தப் பையனை ஓர் ஓட்டலுக்கு வரச் சொல்லி, காப்பி ஆறும் வரையில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இரண்டு நாள் அவகாசம் கேட்டான். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் விசாரித்துவிட்டு, கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தான். மொத்தம் பதினொரு கேள்வி. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பையனைப் பிடித்துவிட்டது. ‘பரவாயில்லை, அன்பு போதும்’ என்று வசனம் பேசியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும். கல்யாணம் நடந்தது. அவனுடைய தாயாருக்கு இன்னும் சொல்லவில்லை. அது அவர்கள் இருவருடைய தீர்மானம்.

அவள் கர்ப்பமானதும் பரிசோதனைக்குப் போனாள். முடிவு வரும் வரையில், வேண்டாத முடிவு வந்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் யாரும் பேசவில்லை. அவர்கள் இருவரும் பேசியிருப்பார்கள். அதைக் கேட்க அத்தைக்கு உரிமை இல்லை. காகிதம் வந்தது. ஆணா பெண்ணா என்பதை மட்டும் சட்டப்படி மறைத்து, மற்றதெல்லாம் எழுதியிருந்தார்கள். 46 புத்தகம், 11-ம் 22-ம் வாலை மாற்றிக்கொண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன. தாயைப் போலவே. தம்பி என்னோடு பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பெரியவளின் குழந்தை பிழைத்துக்கொண்டது. முதல் சில மாதங்கள்தான் கண்டம் என்றார்கள். இதயத்தை ஒரு முறையும் அண்ணத்தை ஒரு முறையும் அறுத்துத் தைத்தார்கள். ஆறு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தாள். பேச்சு வரவில்லை. பாட்டியின் வளையல் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புகிறாள். வேறு வளையலுக்குத் திருப்புவதில்லை. டாக்டர்கள் இதை எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கமாட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் நட்சத்திரமில்லாத வரிகள் இருக்கலாம். அடுத்தடுத்துக் கர்ப்பம் கலைந்த ஒரு பெண் இருக்கலாம். கணவன், மனைவி இருவரும் ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் போதும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு எழுதுங்கள். கடிதத்தில் யார் வழி வந்தது என்ற ஆராய்ச்சி வேண்டாம். அதனால் ஒரு குழந்தைக்கும் பிரயோஜனம் இல்லை.

என் ஏழு கடிதங்களில் நான்குக்குப் பதில் வந்தது. ஒன்றுக்கு வந்த பதிலை முன்பே சொன்னேன். மீதி இரண்டு பேர் இன்னும் எழுதவில்லை. விலாசம் சரிதான், கடிதம் திரும்பி வரவில்லை.